அகரத்துக்கு முன்னால் பட்டன்

டிசம்பர் கடைசி வாரத்தில் கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் ஒரு நடை போனால் போதும், ஜனவரியில் யார் வீட்டுப் பிள்ளை பாலர் பள்ளிக்குப் போகிறது என்று சொல்லிவிடலாம். கடை வாசலில் அம்மா குனிந்து, பிள்ளையின் முதுகில் சட்டையை வைத்து அளவு பார்ப்பார். "ரெண்டு சைஸ் பெருசா குடுங்கண்ணே, வளர்ற புள்ள." அளவு எடுத்து முடிவதற்குள் பிள்ளை, தொங்கவிட்ட சேலைகளுக்குள் புகுந்து ஒளிந்திருக்கும். சட்டை, பை, சப்பாத்து, தண்ணீர் பாட்டில், பென்சில் பெட்டி எல்லாம் வாங்கியாயிற்று, ஏற்பாடு முடிந்தது என்று ரொட்டி சானாய் சாப்பிடக் கிளம்பிவிடுவார்கள்.

வாங்கியதில் எதை மறந்துவிட்டு வந்தாலும் பாலர் பள்ளி சமாளித்துவிடும். பென்சில் இல்லையென்றால் ஆசிரியை ஒன்று கொடுப்பார். கால்சட்டையைத் தானே இறக்கத் தெரியாத பிள்ளைக்கு, இருபத்தைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழும் காலையில் யார் எதைக் கொடுப்பது? பல ஆண்டுகள் பாலர் வகுப்பில் நின்றவள் என்பதால் சொல்கிறேன். முதல் நாள் எந்த ஆசிரியையும் "இதுக்கு அ, ஆ தெரியுமா?" என்று பார்ப்பதில்லை. அம்மாவின் கை விட்டபின் எவ்வளவு நேரத்தில் தேம்பல் அடங்குகிறது, சிறுநீர் வந்தால் வாய் திறந்து கேட்கிறதா, பட்டனைக் கழற்றுகிறதா, சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறதா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா: இவற்றைத்தான் பார்ப்போம். இந்த அத்தியாயம் அவற்றைப் பற்றியது.

எந்தப் பள்ளி என்ற கேள்வியில் நெடுநேரம் நிற்க வேண்டாம். தமிழ்ப்பள்ளி வளாகத்துக்குள்ளேயே கல்வி அமைச்சு நடத்தும் பாலர் வகுப்பு உண்டு. ஒரு வகுப்பில் 25 பிள்ளைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை, ஆசிரியைக்கு ஓர் உதவியாளரும் இருப்பார். கெமாஸ் என்ற சமூக மேம்பாட்டுத் துறை நடத்தும் தாபிகா, பல இனப் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைக்கும் பெர்பாடுவான் தாபிகா, தனியார் தாடிகா ஆகியவை மற்றவை. 'தாமான் டிடிகான் கானாக்-கானாக்' என்பதன் முதலெழுத்துகள் சேர்ந்துதான் தாடிகா. அதில் வரும் தாமான் என்றால் தோட்டம். 1837இல் ஜெர்மனியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஃப்ரோபெல், மூன்றாண்டு கழித்து அதற்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பெயர் வைத்தார். அந்தத் தோட்டம் மலாய் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. உங்களுக்கு இதில் காரியமானது ஒன்றுதான்: வகுப்பில் ஆசிரியை எந்த மொழியில் பேசுவார் என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். பிறப்புப் பத்திரம், மைகிட் அடையாள அட்டை, தடுப்பூசிப் புத்தகம் மூன்றுக்கும் நகல் எடுத்து ஓர் உறையில் போட்டுவைத்தால் பதிவுக் காகித வேலை பெரும்பாலும் தீர்ந்தது. கல்வி அமைச்சின் வகுப்புகளுக்கு முந்தைய ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். டிசம்பரில் போய் நின்றால் கதவு சாத்தியிருக்கும். தொடங்கும் நாளையும் கேட்டு வையுங்கள். பெருந்தொற்றுக்குப் பிறகு சில ஆண்டுகள் மார்ச்சுக்கும் பிப்ரவரிக்கும் தள்ளிப்போன பள்ளித் தவணை 2026இல்தான் மறுபடி ஜனவரிக்கு வந்தது. கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் அந்த ஆண்டு ஜனவரி 12. தனியார் தாடிகாக்கள் தங்கள் வசதிப்படி திறக்கும்.

இராத்திரியிலிருந்து தொடங்குங்கள்

மஸ்ஜித் இந்தியா கடைக்காரப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கடை காலை பத்துக்குத் திறந்து இரவு ஒன்பது, பத்துக்கு மூடும். சனிக்கிழமை லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மானில் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை கூடினால் இன்னும் நேரமாகும். பிள்ளை துணிக்கட்டின் மேலோ கல்லாவுக்குக் கீழே விரித்த பாயிலோ தூங்கிப் போகும். வீட்டுக்குத் தூக்கிப்போகும்போது விழித்துக்கொள்ளும், பதினொரு மணிக்கு எல்லோரோடும் சோறு சாப்பிடும், மறுநாள் ஒன்பதுக்கு எழும். கடை வாழ்க்கைக்கு இதில் ஒரு குறையும் இல்லை. எட்டு மணிக்குத் திறக்கும் பாலர் பள்ளிக்கு இது ஒத்துவராது.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி. பகல் தூக்கமும் இதில் அடக்கம். ஆறரைக்கு எழ வேண்டிய பிள்ளை எட்டரைக்குள் கண்ணயர வேண்டும். பதினொன்றிலிருந்து எட்டரைக்கு வருவது இரண்டரை மணி நேரப் பயணம். அதை ஒரே ராத்திரியில் செய்யப்போனால் பிள்ளை இருட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும், நீங்கள் அதட்டுவீர்கள், படுக்கையே அதற்குத் தண்டனையாகிவிடும். மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள். பத்துப் படி, முப்பது நாள். டிசம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்தால் சரியாக இருக்கும்.

அதிலும் காலையைத்தான் முதலில் மாற்ற வேண்டும். பிள்ளையைத் தூங்க வைப்பது நம் கையில் இல்லை. எழுப்புவது நம் கையில் இருக்கிறது. எழுப்பிய கையோடு சன்னலைத் திறந்துவிடுங்கள், வெளிச்சம் முகத்தில் படட்டும். சாயங்காலம் ஆறு மணித் தூக்கத்தை மட்டும் தடுத்துவிட்டால் இரவு தானாக வழிக்கு வரும். எட்டு மணிக்குப் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோகப் போவது யார் என்பதைக் கணவனும் மனைவியும் இப்போதே பேசி முடியுங்கள். "வியாபாரம் ஓடுற நேரம்" என்று ஒவ்வொரு ராத்திரியும் இது இழுபறியானால் ஜனவரியில் அதற்கான விலையைப் பிள்ளை கொடுக்கும்.

கிள்ளானில் கதை வேறு. அம்மாவும் அப்பாவும் கோலாலம்பூர் வேலைக்கு விடியுமுன் கொமுட்டர் பிடிக்க ஓடுவதால் பிள்ளை ஐந்தரைக்கே எழுப்பப்பட்டுப் பாட்டி வீட்டில் இறக்கிவிடப்படும். அதற்குத் தூக்கப் பயிற்சி வேண்டாம். வகுப்புக்குப் போகுமுன் ஏழரைக்கு இன்னொரு சின்னச் சாப்பாடு போதும். பத்து மணி அழுகைகளில் பாதி பசி அழுகை.

போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிப் போவது

கடையில் வளரும் பிள்ளையைப் பற்றி எல்லோரும் சொல்வது, "இதுக்கு யார்கிட்டயும் பயமே இல்ல, எல்லார்கிட்டயும் போகும்" என்பது. உண்மைதான். கல்லாவிலிருக்கும் அண்ணன், பூக்கட்டும் அக்கா, எதிர்க்கடை பணமாற்றுக்காரர் என்று கைமாறிக் கைமாறி வளர்ந்தது. ஆனால் அத்தனை பேர் கைக்குப் போகும்போதும் அம்மாவின் குரல் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது. அந்தக் குரல் கேட்காத இடம் எப்படியிருக்கும் என்று அதற்குத் தெரியாது. முதல் நாள் வாசலில் மிக அதிகமாகக் கலங்குவது வீட்டோடு கிடந்த கூச்சப் பிள்ளை என்று நினைப்பீர்கள். என் அனுபவத்தில், "எல்லார்கிட்டயும் போகும்" பிள்ளைதான் அது.

நம் பாட்டிமார்களுக்கு இந்தத் தலைவலி இருந்ததில்லை. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போகும் அம்மா விடியுமுன் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விடுவார். ஆயா பக்கத்து லயத்துக்காரர், பிள்ளைக்கும் அவர் மடி பிறந்ததிலிருந்தே பழக்கம். பத்துப் பிள்ளைகள் பள்ளி வயதில் இருந்தாலே தோட்டம் ஒரு பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்தப் பள்ளியும் லயத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். படிப்படியாகப் பழகியதால் முதல் நாள் என்ற ஒன்று தனியாக வந்து நிற்கவில்லை. பன்னிரண்டாவது மாடி ஃபிளாட்டில் வளரும் பிள்ளைக்கு அந்தப் படிகளை நாம்தான் கட்டிக்கொடுக்க வேண்டும்.

கட்டுவது எளிது. பிள்ளையை நம்பகமான ஒருவரிடம் விட்டுவிட்டுக் கால் மணி நேரம் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத இடத்துக்குப் போய்வாருங்கள். அடுத்த வாரம் அரை மணி. பிறகு ஒரு மணி. டிசம்பர் முடிவதற்குள் இரண்டு மணி நேரம் வரட்டும். இதில் ஒரே ஒரு விதி: சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். கவனத்தைத் திருப்பிவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய. அந்த நேரத்துக்கு அழுகை மிச்சமாகலாம், ஆனால் அம்மா எந்த நொடியும் காணாமல் போகக்கூடியவள் என்று பிள்ளை படித்துக்கொள்கிறது. அப்புறம் தண்டாசுக்கு (கழிப்பறைக்கு) போனால்கூடக் கதவைத் தட்டும்.

நேரத்தை மணிக்கணக்கில் சொல்லாதீர்கள். நான்கு வயதுக்குப் "பன்னிரண்டு மணி" என்பது வெறும் ஓசை. அதற்குத் தெரிந்த வேலைகளை வைத்துச் சொல்லுங்கள். அப்பாவை அத்தா என்றும் பாட்டியை நன்னி என்றும் கூப்பிடும் வீட்டில் இப்படி:

"அத்தா, எங்க போறீங்க?"

"பேங்குக்கு. நீ நன்னிகிட்ட பால் குடிச்சு, கோழிக்கு அரிசி போட்டு முடி, அத்தா வந்து நிப்பேன்."

சொன்னபடி வந்து நிற்க வேண்டும், அதுதான் முக்கியம். பள்ளி திறந்ததும் இதே மொழி உதவும்: "பாட்டுப் பாடுவீங்க, சாப்பிடுவீங்க, சப்பாத்து மாட்டுவீங்க, அம்மா வந்துருவேன்."

ஜெர்மனியின் குழந்தைகள் காப்பகங்களில் பெர்லின் முறை என்று ஒன்று உண்டு. முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு வகுப்பிலேயே சும்மா உட்கார்ந்திருப்பார். நான்காம் நாள்தான் சில நிமிடம் வெளியே போய்ப் பார்ப்பார்கள். இங்கே அவ்வளவு பொறுமை எந்தப் பள்ளிக்கும் கிடையாது. அறிமுக வாரம் வைக்கும் பள்ளிகள் நிறைய. எத்தனை நாள், எவ்வளவு நேரம் உள்ளே இருக்க விடுவார்கள் என்று கேளுங்கள். விடமாட்டோம் என்றால், பள்ளி திறக்குமுன் ஒரு நாள் போய் வகுப்பறையையும் கழிப்பறையையும் காட்ட மட்டுமாவது அனுமதி வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். "இரு, ஸ்கூலுக்குப் போ, டீச்சர் வச்சுக்குவாங்க உன்னை" என்ற மிரட்டல். சோறு தின்னாததற்கும் தம்பியை அடித்ததற்கும் மூன்று மாதம் டீச்சரைப் பூச்சாண்டியாக்கிவிட்டு, ஜனவரியில் அந்தப் பூச்சாண்டியின் கையைப் பிடித்துக்கொள் என்றால் எந்தப் பிள்ளை பிடிக்கும்?

தண்டாஸ்

எந்தக் கையேடும் இதை இரண்டு வரியில் முடித்துவிடும். முதல் வாரத்து அவமானங்களில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கின்றன என்பதால் நான் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பம்பர்ஸ். ராத்திரிக்கு மட்டும், கடைக்குப் போகும்போது மட்டும் என்று நான்கு வயது வரை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கடையில் வாடிக்கையாளர் நிற்கும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓட முடியாதுதான், புரிகிறது. ஆனாலும் பள்ளிக்கு இரண்டு மாதம் முன்னால் பகல் பம்பர்ஸ் நின்றாக வேண்டும். ராத்திரி நனைப்பது வேறு கணக்கு, அதற்கு அவசரப்படாதீர்கள்.

அடுத்தது கழிப்பறையின் வடிவம். வீட்டில் உட்காரும் கோப்பை, அதன் மேல் வாத்துப் படம் போட்ட குட்டி இருக்கை. பல பள்ளிகளில் குந்தும் கழிப்பறை, ஈரத் தரை, ரப்பர் குழாய். குந்தியே பழகாத பிள்ளை அந்தத் துளையைப் பார்த்ததும் உறைந்துபோய் நிற்கும். சிலது வீட்டுக்கு வரும்வரை அடக்கிவைக்கும். ஒரு வாரத்தில் மலச்சிக்கலோடு டாக்டரிடம் நிற்கும். குந்தும் கழிப்பறையுள்ள இடங்களைத் தேடி நாலைந்து முறை அழைத்துப்போங்கள். மஸ்ஜித் இந்தியாவில் அதற்குப் பஞ்சமில்லை, எந்தப் பழைய கடைவீட்டின் பின்கட்டிலும் ஒன்று இருக்கும். தண்ணீர் இழுத்துவிடும் சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளைக்கு, முதலில் அதன் கையாலேயே இழுத்துவிடச் சொல்லுங்கள். சத்தம் தன் கையிலிருந்து வருகிறது என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும்.

மூன்றாவது, கழுவுவது. ஆசிரியை கழுவிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். சில இடங்களில் உதவியாளர் செய்வார், சில இடங்களில் பிள்ளையின் பாதுகாப்பு கருதி யாரும் தொடவே மாட்டார்கள். இடது கையால் குழாயைப் பிடிக்கும் பிள்ளை வலது கையால் கழுவும், சட்டையெல்லாம் நனையும். பரவாயில்லை. குளியலறையில் சட்டையில்லாமல் நிற்கவைத்துத் தினமும் ஒருமுறை பழக்குங்கள், விளையாட்டாகவே வந்துவிடும். தனியாகச் செய்யப் பழகும்போதே இன்னொன்றையும் சொல்லிவையுங்கள்: உன் உடம்பை நீயும், குளிப்பாட்டும்போது அம்மாவும், அம்மா பக்கத்தில் இருக்கும்போது டாக்டரும் தொடலாம், வேறு யாராவது தொட்டால் வீட்டுக்கு வந்து என்னிடம் சொல், நான் திட்டமாட்டேன். "திட்டமாட்டேன்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, கேட்பது. பிள்ளைக்கு அவசரம் வரும் நேரத்தில் ஆசிரியைக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். வீட்டில் "அம்மா, ஒண்ணுக்கு" என்று சொல்லிப் பழகிய பிள்ளை மலாய் பேசும் ஆசிரியையிடம் அதையே மூன்று முறை சொல்லிவிட்டு அங்கேயே நனைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அது பிள்ளையின் தவறும் இல்லை, ஆசிரியையின் தவறும் இல்லை.

ஐந்து வாக்கியம் போதும்

எந்த மொழியில் பேசுவார்கள் என்று கேட்டுக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான். தாபிகாவிலோ பெர்பாடுவானிலோ சேர்த்தால் மலாய், பல தனியார் தாடிகாக்களில் ஆங்கிலம். பிள்ளைக்கு அந்த மொழியைக் கற்றுக்கொடுத்துவிட்டு அனுப்ப வேண்டும் என்று பதறி, வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு உடைந்த ஆங்கிலத்துக்கு மாறும் பெற்றோர் உண்டு. தயவுசெய்து வேண்டாம். வீட்டு மொழி நன்றாக வேரூன்றிய பிள்ளை பள்ளி மொழியைச் சில மாதங்களில் விளையாட்டிலேயே பிடித்துக்கொள்ளும். அதுவரை தாக்குப்பிடிக்க ஐந்து வாக்கியம் போதும். மலாய் என்றால் இப்படி: "சிக்கு, நாக் பெர்கி தண்டாஸ்" (டீச்சர், கழிப்பறைக்குப் போகணும்). "நாக் ஆயிர்" (தண்ணி வேணும்). "சாக்கிட் பெருட்" (வயிறு வலிக்குது). "டோலோங்" (உதவி செய்யுங்க). கடைசியாக "டாக் நாக்." இந்த ஐந்தாவதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பக்கத்துப் பிள்ளை கையைக் கிள்ளும்போது வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை இல்லையென்றால் பிள்ளை கடித்துவைக்கும்; அப்புறம் கடித்த பிள்ளை என்று பேர் வாங்கி வரும்.

பேர் என்றதும் நினைவுக்கு வருகிறது. உங்கள் பிள்ளைக்குத் தன் பெயர் தெரியுமா? வீட்டில் பாப்பா, கடையில் குட்டி, பாட்டிக்கு ராசா. மைகிட்டில் உள்ள முழுப்பெயரை ஒருநாள்கூட யாரும் கூப்பிட்டதில்லை. வருகைப் பதிவேட்டில் ஆசிரியை அந்தப் பெயரை வாசிக்கும்போது பிள்ளை யாருடைய பெயரோ என்று உட்கார்ந்திருக்கும். முஸ்லிம் வீடுகளில் இன்னொரு குழப்பம்: ஒரே வகுப்பில் நான்கு முஹம்மதுகள் இருப்பார்கள், அதனால் ஆசிரியை இரண்டாவது பெயரால் கூப்பிடுவார். எந்தப் பெயரால் கூப்பிட வேண்டும் என்பதைப் பதிவின்போதே எழுதிக்கொடுத்துவிட்டு, அதே பெயரால் வீட்டில் ஒரு மாதம் கூப்பிடுங்கள். பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்துப் பெயர் வாசித்து "ஹாடிர்!" சொல்லும் விளையாட்டை என் அக்கா மகள் பெரியவளான பிறகும் விடவில்லை.

அம்மா பெயர், அப்பா பெயர், ஒரு கைப்பேசி எண். எண்ணுக்கு ஒரு மெட்டுப் போட்டுப் பாட்டாக்கிவிட்டால் இரண்டு வாரத்தில் மனப்பாடம். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறும் ரமலான் பஜாரும் கூடும் தெருவில் வளரும் பிள்ளைக்குப் பள்ளி இல்லாவிட்டாலும் இது வேண்டும்.

ஊட்டாமல் சாப்பிடுவது

கைப்பேசியில் கார்ட்டூன் ஓடும், பாட்டி உருட்டி உருட்டி வாயில் வைப்பார், பிள்ளை பார்த்துக்கொண்டே விழுங்கும். முக்கால் மணி நேரம். பள்ளியில் சாப்பாட்டு நேரம் அரை மணிகூட இருக்காது. திரையும் கிடையாது, பாட்டியும் கிடையாது. பாட்டியிடம் இதைச் சொல்வது மருமகளுக்குக் கடினம், மகன்தான் சொல்ல வேண்டும். ஒருவேளைச் சாப்பாட்டை மட்டும், பெரும்பாலும் காலை உணவை, பிள்ளை கையாலேயே சாப்பிட விடுங்கள். சிந்தும். பாதிதான் உள்ளே போகும். இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை கூடுதலாகச் சாப்பிடும், பட்டினி கிடக்காது.

டப்பாவை வாங்குமுன் கடையிலேயே பிள்ளை கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். இறுக்கமான நான்கு கொக்கி மூடிகள் பெரியவர்களுக்காகச் செய்யப்பட்டவை. மைலோ பாக்கெட்டில் உறிஞ்சுகுழலைப் பிரித்துக் குத்துவதும் ஒரு கலைதான்; பழக்காமல் அனுப்பினால் பாக்கெட்டைப் பிதுக்கிப் புதுச்சட்டையில் பீய்ச்சிக்கொள்ளும். பள்ளியே சாப்பாடு கொடுப்பதாக இருந்தால், என்னென்ன ஆகாது என்பதை எழுத்தில் கொடுங்கள். மாட்டிறைச்சி தொடாத வீடு, வெள்ளிக்கிழமை சைவம், ஹலால் மட்டும், நிலக்கடலை ஒவ்வாமை. முதல் மூன்றையும் ஆசிரியைகள் இங்கே நன்றாகவே அறிவார்கள், கேட்கச் சங்கடப்பட வேண்டாம். நான்காவதை அவர்கள் ஊகிக்க முடியாது. முழுத் திராட்சையைக் கொடுத்தனுப்பாதீர்கள், நீளவாக்கில் வெட்டிப் போடுங்கள்.

இனி கடைக்குப் போகலாம்

சட்டை பெரிதாக இருக்கலாம். சப்பாத்து பெரிதாக இருக்கக்கூடாது. வளர்கிற பிள்ளை என்று இரண்டு அளவு கூட்டி வாங்கிய சப்பாத்தில் பிள்ளை படியில் தடுக்கி விழும். பெருவிரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலம் இருந்தால் போதும். கயிறு வேண்டாம், ஒட்டுப்பட்டை வைத்ததாகப் பாருங்கள். இடது எது வலது எது என்று தெரிய, இரண்டு சப்பாத்துக்குள்ளும் ஒரே படத்தைப் பாதிப் பாதியாக வெட்டி ஒட்டுங்கள். சேர்த்து வைத்தால் படம் முழுதாகும்.

கால்சட்டையும் பாவாடையும் இடுப்பில் எலாஸ்டிக் வைத்ததாகவே இருக்கட்டும். கொக்கி, ஜிப், பெல்ட் மூன்றும் அவசரத்துக்கு உதவாது. சீருடையில் பட்டன் தவிர்க்க முடியாது என்றால் அந்தச் சட்டையை டிசம்பரிலேயே வாங்கி, பிள்ளையையே போட்டுக் கழற்றவிடுங்கள். கீழிருந்து மேலாகப் பூட்டச் சொன்னால் பட்டன் மாறிப்போகாது. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த கல்வியாளர். அவருடைய கருவிகளில் பட்டனும் முடிச்சும் கொக்கியும் தைத்த மரச்சட்டங்கள் உண்டு. பிள்ளைகள் அவற்றைப் பூட்டித் திறந்து பழகுவார்கள். நமக்கு மரச்சட்டம் தேவையில்லை. அப்பாவின் பழைய சட்டையை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டால் அதே வேலையைச் செய்யும்.

புதுத் துணியை ஒருமுறையாவது அலசாமல் போட்டுவிடாதீர்கள். விற்கிறவர்களே இதைச் சொல்வார்கள். கஞ்சி மொடமொடப்பும் கழுத்துப்பட்டைச் சீட்டின் அரிப்பும் சேர்ந்தால் பிள்ளை காலையிலேயே எரிச்சலாகிவிடும். சீட்டை வெட்டிவிடுங்கள். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள், இரண்டு சப்பாத்திலும்.

பையில் போக வேண்டிய முதல் பொருள் மாற்றுடை. கால்சட்டை, உள்ளாடை, சட்டை, ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் பை. இது இங்கே இருக்கிறது என்று பிள்ளைக்கும் காட்டுங்கள். நனைந்தால் உலகம் முடிந்துவிடாது என்று அதற்குத் தெரிய வேண்டும்.

எழுத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்பீர்கள். விஜயதசமியன்று பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கோயில்களில் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைப்பார்கள். முஸ்லிம் வீடுகளில் பிஸ்மி சொல்லி ஓதவைப்பார்கள். செய்யுங்கள், நல்ல காரியம். அதை மறுநாளே பாடத்திட்டமாக்கிப் பென்சிலைத் திணிக்காதீர்கள். சப்பாத்தி மாவைப் பிசையவும், துணி உலர்த்தும் கிளிப்பை அழுத்தவும், காகிதத்தைக் கிழிக்கவும் விட்டால் விரல் தானாக உரம் ஏறும்.

அந்தக் காலை

கடைக்காரக் குடும்பங்களுக்கு இங்கே ஓர் அதிர்ஷ்டம்: கடை பத்துக்குத்தான். எட்டு மணிக்கு வாசலில் இருவரும் நிற்கலாம், அலுவலகம் போகிறவர்களைப் போல கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் ஊரே வரவேண்டாம். தாத்தா, பாட்டி, சித்தி, கேமராவோடு சித்தப்பா என்று ஏழு பேர் வந்து, அதில் பாட்டி முந்தானையில் கண்ணைத் துடைத்தால், இது ஏதோ அழ வேண்டிய இடம்போல என்று பிள்ளை முடிவு செய்துவிடும். இருவர் போதும். யாரிடமிருந்து பிரிவது எளிதோ அவர் கையைப் பிடித்து வரட்டும். பெரும்பாலும் அது அப்பா.

மோட்டாரில் கூட்டிவந்தால் பிள்ளைக்குத் தலைக்கவசமும் மழைச்சட்டையும். காரில் என்றால் குழந்தை இருக்கை. 2020 முதல் இது சட்டம், முதல் நாள் என்பதால் மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வாசலில் பேச்சை நீட்டாதீர்கள். ஒரு முத்தம், "சப்பாத்து மாட்டினதும் அம்மா இங்கயே நிப்பேன்", ஒரு கையசைப்பு. திரும்பிவிடுங்கள். சன்னல் வழியாக எட்டிப்பார்ப்பதுதான் ஆசிரியைகளுக்குப் பெரிய தொல்லை. அடங்கப்போகும் அழுகையை அந்த ஒரு தலை மறுபடி கிளப்பிவிடும். அரை மணி கழித்துப் பள்ளி அலுவலகத்துக்கு ஃபோன் போட்டுக் கேளுங்கள். அல்லது தெருமுனைக் கடையில் தே தாரேக் குடித்துவிட்டு நீங்களும் கொஞ்சம் அழுதுகொள்ளுங்கள்.

மதியம் கூட்டிப்போக வருவது யார் என்பதை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். அந்த நேரம் கடையில் கூட்டம், "வேன் அண்ணன் இன்னைக்கு மட்டும் கூட்டிட்டு வரட்டும்" என்று முதல் வாரத்தில் மாற்றாதீர்கள். பத்து நிமிடம் முன்னதாகவே நில்லுங்கள். எல்லாப் பிள்ளைகளும் போனபின் கடைசியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, நாளைக்கு நீங்கள் எது சொன்னாலும் எடுபடாது.

வரும் வழியில் "இன்னைக்கு என்ன படிச்ச?" வேண்டாம். "ஒண்ணும் இல்ல" என்ற பதில்தான் வரும். பக்கத்தில் யார் உட்கார்ந்தது, யார் அழுதது, டீச்சர் சட்டை என்ன கலர் என்று கேளுங்கள். அல்லது ஒன்றும் கேட்காமல் ஒரு வடை வாங்கிக்கொடுங்கள். குளிக்கும்போது தானாக எல்லாம் வெளிவரும்.

காய்ச்சலோடு வாயில் புண், உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவந்த கொப்புளம் கண்டால் கை, கால், வாய்ப்புண் நோயாக இருக்கலாம். பாலர் பள்ளிகளில் இது வேகமாகப் பரவும். மருத்துவர் சொல்லும்வரை வீட்டிலேயே வையுங்கள், பள்ளிக்கும் மறைக்காமல் தெரிவியுங்கள்.

பிறகு வருவதுதான் பலரையும் ஏமாற்றும். மூன்று வாரத்தில் பிள்ளை அழாமல் போகும், நீங்கள் நிம்மதியாகக் கடைக்குத் திரும்புவீர்கள். அப்போது விடுமுறைகள் வரிசையாக வரும். 2026இல் ஜனவரி 12 பள்ளி திறந்தது, பிப்ரவரி 1 தைப்பூசம், 17 சீனப் புத்தாண்டு. பத்துமலைக்குப் போய், ஊருக்குப் போய், ராத்திரி பன்னிரண்டு வரை விழித்து, ஒரு வாரம் அம்மாவின் இடுப்பிலேயே இருந்த பிள்ளை விடுமுறை முடிந்த காலையில் முதல் நாளைவிடச் சத்தமாக அழும். பள்ளியில் யாரோ அடித்துவிட்டார்கள் என்று சண்டைக்குக் கிளம்பாதீர்கள், முதலில் ஆசிரியையிடம் பேசுங்கள். விடுமுறையின் கடைசி மூன்று நாள் பழைய நேரத்துக்கே எழுப்புங்கள். வாசலில் அதே முத்தம், அதே வாக்கியம், அதே கையசைப்பு. முந்திய இரவு பையைத் திறந்து மாற்றுடை இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஜனவரியில் நனைந்து வீட்டுக்கு வந்த கால்சட்டையைத் திரும்ப வைக்க மறந்திருப்பீர்கள்.